சுவரைப் பார்த்த தாடை

தெரிந்தே ஒரு தகப்பனுக்கு நான் பிழையான கணக்குச் சொன்னேன். அதில் அவர் மகளின் ஒரு வருடம் போயிற்று. இதைச் சொல்லாமல் பல்செட் அண்ணையைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈஸ்ட் ஹாமில் பொலிஸுக்கு அஞ்சாதவர்கள்கூட, கையில் தாடைப் பையோடு அவர் எதிரே வந்தால் வீதியைக் கடந்து மறுபக்கம் போவார்கள். பொய்ப்பல் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. கழித்துவிட்ட பிளாஸ்டர் தாடைகளைக் கொண்டுவந்து நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையின் அலுமாரித் தட்டில் அடுக்குவார். முதல் கிழமை ஏழு இரவும் நான் போர்வைக்குள் தலையை வைத்தே தூங்கினேன்.

"பயப்பிடாதேயும் மாஸ்டர். எல்லாம் கீழ்த்தாடை. கடிக்கிறதெண்டா மேலதும் வேணும்."

அமெரிக்கப் பல் வைத்தியக் கல்லூரிகளுக்கு நுழைவுப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அன்றே அவரிடம் வருவார்கள். இரண்டே கேள்வி கேட்பார். "எத்தினை சரி வரும்? பக்கத்தில இருந்தவை எப்பிடி மூச்சு விட்டவை?" பிறகு ஒரு தாடையின் அடியில் பென்சிலால் ஓர் எண் எழுதி, சுவரைப் பார்க்க வைப்பார். கிழமைகள் கழித்து முடிவு தபாலில் வரும். தாடையைத் தூக்கினால் அதே எண். ஒருமுறையும் பிழைத்ததில்லை.

"இது நூத்துக்கு இத்தினை எண்ட வீதமில்லை, மாஸ்டர்," என்று எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். "சரியானதை எண்ணிப்போட்டு, தாள் கஷ்டமோ லேசோ எண்டு பாத்து, ஒண்டிலிருந்து முப்பது வரைக்கும் உள்ள ஏணியில ஏத்துவினம். கஷ்டமான தாளில குறையச் சரி வந்தாலும் அதே படிதான். பதினேழு நடுப்படி. பத்தொன்பது எண்டால் கல்லூரியில கூப்பிட்டுக் கதைப்பினம். முப்பதில ஆர் நிக்கினம்?"

கலியாண வீட்டுச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான். "இருநூறு பேருக்குச் சமைச்சது, கஷ்டமான தாள். உப்பில்லாட்டிலும் பதினெட்டுப் போடலாம்."

கீழ்வீட்டுத் தம்பிராசாவின் மகள் சுகந்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். இருபத்தேழு எடுப்பாள் என்று கோயில் வரிசையில் நின்றுகூடச் சொன்னேன். அண்ணை எல்லோர் முன்னாலும் பத்தொன்பது என்று சொல்லி, ஒரு தாடையின் அடியில் எழுதி வைத்தார். பத்தொன்பதே வந்தது.

தம்பிராசா கடிதத்தோடு என்னிடம் வந்தார். "மாஸ்டர், முப்பதுக்குப் பத்தொன்பது. விண்ணப்பிக்க இது காணுமே?"

பத்தொன்பது நல்ல எண் என்றால் என் இருபத்தேழு வெறும் அறியாமை. மோசமான எண் என்றால் பிள்ளை ஒழுங்காகச் செய்யவில்லை என்று முடிந்துவிடும்.

"அறுபத்துமூன்று வீதம்," என்றேன்.

அவர் விண்ணப்பப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சுகந்தி சூப்பர் மார்க்கெட்டில் காசாளராகப் போனாள். அண்ணை கீழே போய், "அது வீதமில்லை, தம்பிராசா," என்று சொல்லிப் பார்த்தார்.

"மாஸ்டர் படிச்ச மனுசன். நீங்கள் போய் உங்கடை பல்லுகளைப் பாருங்கோ, அண்ணை."

மறுநாள் கண் விழித்தபோது, சுவரைப் பார்த்திருந்த, சுகந்தியின் எண் எழுதிய தாடை என் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தேன். மாலையில் மறுபடி என்னைப் பார்த்தது.

"அண்ணை, இதைத் திருப்பினது நீங்களோ?"

"நான் தொடேல்லை. அதுக்கு உம்மோடை ஏதும் அலுவல் இருக்கும்."

குளித்துத் துடைக்கும் துவாயால் மூடினேன். துவாய் நிலத்தில் கிடந்தது. அண்ணை ஒரு கிழமை ஹரோவில் தங்கை வீட்டில் நின்றார். அந்தக் கிழமையும் அது திரும்பியது.

ஏழு மாதம் தாங்கினேன். பிறகு கீழே போய்த் தகப்பனுக்கும் மகளுக்கும் உண்மையைச் சொன்னேன். தம்பிராசா கதிரையை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

சுகந்தி மட்டும் கேட்டாள். "அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ, மாஸ்டர்?"

"ஓம்."

அந்த வருடத்து விண்ணப்பத் தேதி போய்விட்டிருந்தது. அடுத்த வருடப் படிவங்களை நானே டைப் அடித்தேன். அதே பத்தொன்பதோடு அனுப்பினோம். ஒரு கல்லூரி அழைத்தது. விமான நிலையத்தில் அவள் எல்லோரிடமும் விடைபெற்றாள், என்னைத் தவிர. அது நியாயம். அன்று முதல் தாடை சுவரையே பார்த்திருந்தது.

அண்ணை இறந்த பிறகு அலுமாரியைத் துடைக்கும்போது அதைத் தூக்கிப் பார்த்தேன். முடிவு வந்த அன்று அடியில் பத்தொன்பது மட்டுமே இருந்தது. இப்போது அதன் கீழே, அண்ணையின் பொடி எழுத்தில், எனக்கும் ஒரு கணக்கு: 'மாஸ்டர், சரியானது கொஞ்சம். தாள் கஷ்டம். பதினேழு போடலாம்.'

இப்போதெல்லாம் நானே அதை என் கட்டிலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். அண்ணை இல்லாத அறையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும்.