முள் குத்தியதும் வந்த ஸ்விங்

ஒரு காட்டில்... எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு ஜாஸ் குழு இருந்தது. கரடி மாசிலாமணி டிரம்பெட் ஊதும். முள்ளம்பன்றி சூசை, தன்னைவிட நாலு மடங்கு பெரிய பாஸ் வயலினைக் கட்டிப்பிடித்து மீட்டும். டிரம்ஸ், மிளா மான் செண்பகம். குழுவில் வாசிக்கிறவர்களைப் புலி தொடாது, அது அந்தக் காட்டு வழக்கம். மற்றவர்கள் பாடு அவரவர் சாமர்த்தியம்.

செண்பகம் மிருதங்கக்காரர் ஒருவரின் தோட்டத்தில் மேய்ந்து வளர்ந்தவள். முன்னங்கால் இரண்டாலும் தட்டினால் தகதிமி நாலும் நூல் பிடித்த மாதிரி விழும். மயிரிழை பிசகாது. அதுதான் வினையே!

"அம்மாடி, இது ஜாஸா, ரேஷன் கடை வரிசையா?" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது. "ஜாஸோட தாள நடை, ஸ்விங்குன்னா டவுன் பஸ் சீட்டு. மொத ஆள் காலை அகட்டி தாராளமா உட்காருவான். ரெண்டாவது ஆள் ஓரத்துல தொத்திக்குவான். டாஆங்-கு, டாஆங்-கு! அவ்வளவுதான்."

"புரிஞ்சுது மாஸ்டர். சீட்டை மூணு பங்கு போட்டு, அவனுக்கு ரெண்டு, இவனுக்கு ஒண்ணு."

போட்டாள். கணக்கு படுசுத்தம். கேட்டால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பு. ஒரு கொசுகூட ஆடவில்லை.

கரடிக்குப் பொறுமை போயிற்று. "டூரிஸ்ட் மறந்துட்டுப் போன ரிதம் பெட்டி ஒண்ணு இருக்கு. பொத்தானை அமுக்கினா ஸ்விங் கொட்டும். பௌர்ணமிக்குள்ள உனக்கு வரலைன்னா, உன் இடம் அதுக்குத்தான்."

டிரம்ஸ் போனால் செண்பகம் வெறும் மான். புலிக்கு மான் என்றால் கொள்ளைப் பிரியம்.

பௌர்ணமியும் வந்தது. முதல் வரிசையில் புலி, கழுத்தில் துண்டோடு. செண்பகம் பதறியடித்து மேடையேறினாள். வழியில் சூசை உதிர்த்த முள், இடது முன்னங்குளம்பின் இடுக்கில் நறுக்கென்று ஏறியது.

"ஐயோ அம்மா!"

அழ நேரமில்லை, கரடி ஊத ஆரம்பித்துவிட்டது. தட்டினாள். வலது கால் 'டாஆங்' என்று அழுத்தி விழுந்தது. இடது கால் பயந்து பயந்து, தாமதமாக வந்து, 'கு' என்று பட்டும் படாமல் தட்டிவிட்டுத் துள்ளியது.

டாஆங்-கு! டாஆங்-கு!

"வந்துடுச்சுடா!" என்று கரடி டிரம்பெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது. முயல்கள் ஆடின. ஆமை ஓட்டைக் கழற்றாத குறையாக ஆடியது. புலி துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்தே விட்டது. அடடா, என்ன ஒரு கூத்து!

அப்போதுதான் மந்தி டாக்டர் கனகாம்பரத்தின் கண்ணில் முள் பட்டது. பாவம், அந்தம்மாவுக்கு இளகிய மனசு.

"ஐயையோ, புண்ணு சீழ் வெச்சுடுமே கண்ணு!"

"டாக்டரம்மா, வேண்டாம், பாட்டு முடியட்டும்!" என்று செண்பகம் கெஞ்சக் கெஞ்ச, டாக்டர் சடக்கென்று பிடுங்கிவிட்டாள்.

தகதிமி. தகதிமி. தகதிமி.

ஆடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். கரடி ரிதம் பெட்டியைத் தேடியது. புலி நிதானமாக உட்கார்ந்து, செண்பகத்தின் தொடையைப் பார்த்து, துண்டை மடியில் விரித்துக்கொண்டது.

செண்பகம் யோசிக்கவில்லை. டாக்டர் கையிலிருந்த முள்ளைத் தட்டிப் பறித்தாள், கீழே போட்டு அதன்மேலேயே ஓங்கி மிதித்தாள். டாஆங்-கு! முன்னைவிடப் பிரமாதம். புலி எழுந்து ஆடியது.

மறுநாள் காலை சூசை வீட்டு வாசலில் டோக்கன் போட்டு வரிசை. ஆளுக்கொரு முள். கரடி ரிதம் பெட்டிக்குள்ளும் ஒன்றைச் செருகிப் பார்த்தது, பெட்டி அங்கேயே உயிரை விட்டது. சாயங்காலத்துக்குள் சூசை ஒரு முள்கூட மிச்சமில்லாமல் மொழுமொழுவென்று ஆகிவிட்டான். அந்தப் பக்கம் வந்த புலி, "இது யாரு, புதுசா?" என்று கேட்டது. அன்றிலிருந்து சூசை குளிக்கும்போதுகூட பாஸ் வயலினைக் கீழே வைப்பதில்லை.

நீதி: இரக்கப்பட்டு முள் எடுக்க வருகிறவர்களை, பாட்டு முடியும்வரை மரத்தில் கட்டிப்போடவும். உங்கள் வலி போனால் அவர்களுக்குப் புண்ணியம், புலிக்குச் சாப்பாடு.