கேம்ஷாஃப்ட்டுக்கு வைத்த எட்டுப் பொட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாக்பீஸால் இரும்பின் மேல்தான், அதுவும் எண்கள் மட்டும். எந்த 'ல' எங்கே வரும் என்பது ஐம்பது வயதிலும் எனக்கு ஊகம்தான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற பிழையை அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூச்ச சுபாவம் உள்ளவன் நல்லவன் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமைதியானவர், தங்கமானவர் என்பார்கள். நம்பாதீர்கள். வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டு நின்று, ஒரு பெரியவர் வாழ்க்கையில் கடைசியாக ஒருமுறை கார் ஓட்ட இருந்ததைக் கெடுத்தவன் இந்தத் தங்கம்.

போத்தனூரில் ஒரு பட்டறையில் கேம்ஷாஃப்ட் கிரைண்டிங் செய்கிறேன். கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்குள் சுற்றும் ஒரு முழ நீளத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு மேடும் ஒரு வால்வை அழுத்தித் திறக்கும். மேடு தேய்ந்தால் வால்வு சரியாகத் திறக்காது, இன்ஜினுக்கு மூச்சு முட்டும். டிராக்டர், லாரி, பஸ் என்று இருபத்தாறு வருடமாக நான் தேய்க்காத மேடு இல்லை. (பெருமைதான். கொஞ்சம் பொறுங்கள், இறங்கிவிடும்.)

ஆறு வருடங்களுக்கு முன் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கந்தசாமி ஐயா பட்டறைக்கு வந்தார். ஒரு பழைய பெட்ஷீட்டைப் பிரித்து ஒரு கேம்ஷாஃப்ட்டை மேசை மேல் வைத்தார். அவர் அண்ணன் எப்போதோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். இருபது வருடமாகக் கொட்டகையில் நின்றதில் ஈரம் இறங்கி, எட்டு மேடுகளிலும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழுந்திருந்தன.

"புதுசு கெடைக்காதுங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"சொல்லி வெச்சிருக்குதுங்க. வாறக்கு அரை வருசமாயிருமாமா. எனக்கு அத்தன நாள் இல்லீங்க."

அவர் நன்றாகத்தான் இருந்தார். கண்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு சாகிறது, மருந்து விட்டும் நிற்கவில்லை. பகல் வெளிச்சத்தில், பக்கத்து ரோட்டில், தை மாதம் வரை ஓட்டிக்கொள்ளுங்கள், பிறகு சாவியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"கண்ணு இருக்கறப்பவே ஒருக்கா ஓட்டிப் பாத்துப்போடோணும். அமராவதி டேம் வரைக்கும், அம்முட்டுத்தான். எங்கூட்டு அம்மணியப் பக்கத்துல ஒக்கார வெச்சு. கலியாணமான நாள்ல இருந்து கேட்டுட்டிருக்கறா. அந்தக் காரு என்னைக்கு எம்பட கைக்கு வந்துச்சோ அன்னைக்கே படுத்துக்கிச்சு."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரோஜா அம்மா, "அவரு ஆசைய எம்மேல போடறாருங்க" என்றார்.

நான் தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முடியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு மாதம் ஆயிற்று. ஏழு மேடுகளின் குழிகள் ஆழமில்லை, மயிரிழை அளவு தேய்த்தால் போதும். ஒன்று மட்டும் பள்ளம். அதில் கெட்டியான ராடு வைத்து வெல்டிங் செய்து நிரப்பினேன். சூட்டில் தண்டு வளைந்துவிட்டது. அதைப் பிரஸ்ஸில் வைத்து, டயல் கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்து நிமிர்த்த மூன்று நாள். பிறகு கிரைண்டிங், பாலிஷ். அந்தத் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். அதன் வழியே ஆயில் ஓடி, ஒவ்வொரு மேட்டிலும் உள்ள ஊசித் துளையால் வெளியே வந்து மேட்டை நனைக்கும். எட்டுத் துளைகளையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கம்ப்ரசர் காற்றடித்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. அன்றைக்கு இரவு என் மனைவி ஸ்டெல்லாவிடம், "இந்த மாதிரி வேலை ஜில்லாவுலயே ஒருத்தனும் செய்யமாட்டான்" என்றேன். அந்த வருடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மறுநாள் ஆயுத பூஜை. லேத், கிரைண்டர், கம்ப்ரசர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. ஐயாவும் சரோஜா அம்மாவும் பூஜைக்கு வந்தார்கள். அம்மா கையில் ஒரு கிண்ணம், நிறைய அரைத்த சந்தனம்.

"ஏனுங் தம்பி, நம்ம சாமானுக்கும் ஒரு பொட்டு வெச்சுப்போடலாமுங்களா?"

வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடம் இதுதான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "துளை இருக்குதுங்கம்மா" என்று இரண்டு சொல் போதும். ஆனால் என் பெயர் ஆரோக்கியசாமி. நான் வேதக்காரன். நான் வேண்டாம் என்றால் அதை இன்ஜின் விஷயமாகவா எடுத்துக்கொள்வார்கள்? பூஜை நாளில், இத்தனை பேர் நடுவில், இவன் கோயில் வேறு என்பதால் நம் சந்தனம் ஆகாது என்கிறான் என்று நினைத்துவிட்டால்? இருபது வருடமாகத் தாயாகப் பிள்ளையாகப் பழகிய பட்டறை. அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டால்?

"வெய்யுங்கம்மா" என்றேன்.

ஒரு மேட்டுக்கு ஒரு பொட்டாக எட்டுப் பொட்டு வைத்தார். எங்கே வைப்பது என்று விரல் தேடியபோது, துளைதான் அடையாளமாகக் கிடைத்தது போலிருக்கிறது. ஒவ்வொன்றும் துளை மேலேயே உட்கார்ந்தது. அதன் மேல் குங்குமம்.

"பாருங்க, கலியாணப் பொண்ணாட்ட இருக்குது" என்று அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் இன்ஜினில் மாட்டவேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். காலை பஸ்ஸில் தண்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உடுமலை போனேன். கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா என் பக்கத்திலேயே நின்றார்.

"சாமி பொட்டு தம்பி, நல்ல துணியில தொடைங்க" என்று வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்தார்.

குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் மேலே போய்விட்டது. மீதியை என் கட்டைவிரலே துளைக்குள் அழுத்தி அடைத்தது. தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. மனதின் ஒரு மூலையில் தெரிந்தது. கொட்டகையில் மண்ணெண்ணெய் இருந்தது, கம்பி இருந்தது, சைக்கிள் பம்புகூட இருந்தது. சாமி பொட்டை அந்த அம்மாவின் கண் முன்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ எனக்குத்தான் தைரியம் இல்லை. ஆயில் வந்தால் தானாகக் கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தனம் ஆயிலில் கரையும் என்று எந்தப் பட்டறையில் படித்தேனோ!

மதியம் ஐயாவே காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டாவது முறையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. தேய்த்துச் செய்த கேம்ஷாஃப்ட்டை முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓட விடக் கூடாது, வேகத்தில்தான் ஓடவேண்டும். ஐயா ஆக்சிலேட்டரை மிதித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அப்போது இன்ஜினிலிருந்து ஒரு வாசம் வந்தது.

சரோஜா அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "ஏனுங், சந்தன வாசமுங்க! சாமி வந்திருக்குதுங்க!"

சாமி எப்படி வந்தது என்று அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தாவது நிமிடம் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கண் மங்கியவருக்குக் காது கூர்மை.

"ஏப்பா ஆரோக்கியம், என்ன சத்தம் அது?"

"பழகிக்குமுங்க" என்றேன்.

இந்த ஒரு சொல்லுக்காக நரகத்தில் எனக்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டிருப்பார்கள். அப்போதே நிறுத்தியிருந்தால் பாதி மேடுகள் தப்பியிருக்கும். பழகவில்லை. பத்தாவது நிமிடம் பன்றி அலறுவது மாதிரி அலறியது. ஐயாவே சாவியை அணைத்தார்.

மூடியைக் கழற்றினேன். ஐந்து மேடுகள் மொட்டை. வெல்டிங் வைத்த மேடு கடித்துத் துப்பியது போலிருந்தது. இனி அந்தத் தண்டை நிரப்பித் தேய்த்து மீட்க வழியில்லை. ஊசி எடுத்து ஒரு துளையைக் குத்தினேன். குச்சி மாதிரி ஒரு துண்டு வந்தது, நுனியில் சிவப்பாகக் குங்குமத்தோடு.

"என்னப்பா? காமி." ஐயா கையை நீட்டினார். உள்ளங்கையில் வைத்தேன். கண்ணருகே கொண்டுபோனார், தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார்.

சரோஜா அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நான்தானுங்... நாந்தான வெச்சேன்..."

"இல்லீங்கம்மா" என்றேன். "நான் வேண்டாம்னு சொல்லியிருக்கோணுமுங்க. கழுவியிருக்கோணுமுங்க. எனக்குத் தெரியுமுங்க. எல்லாம் என் தப்புங்க."

சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"வாய் இருக்குதல்லப்பா உனக்கு" என்றார் ஐயா. கோபமாகச் சொல்லவில்லை. இப்போதுதான் கவனித்தவர் போலச் சொன்னார்.

வெளிநாட்டுக் கேம்ஷாஃப்ட் பங்குனியில் வந்தது. நானே போய் மாட்டினேன். (கழுவினேன். நான்கு முறை கழுவினேன்.) ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. ஆனால் அதற்குள் ஐயாவுக்கு வெளிச்சம், நிழல் தவிர வேறொன்றும் தெரியவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சுற்றி வந்து அடுத்த சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ ஓட்டு" என்றார் என்னிடம்.

இரண்டே சீட் கார். அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அம்மாவின் இடத்தில் அவர் உட்கார்ந்தார். அம்மா கேட்டருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் சின்னதாகி மறையும் வரை நான் ரோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை.

"என்ன தெரியுது?" என்றார் ஐயா.

"ரோடுங்க."

"ரோடு இருக்குதுன்னு எனக்கும் தெரியும். சொல்லு."

"தென்னைங்க."

"காய் புடிச்சிருக்குதா? மட்டை காஞ்சிருக்குதா? ஆரு தோப்பு? போர்டு இருக்குமல்ல, படி."

போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆடு சொன்னேன், மேகம் சொன்னேன், ரோட்டோரம் இளநீர் வெட்டுகிறவர் தலையில் கட்டியிருந்த துண்டின் நிறம் சொன்னேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அவர், "அப்பறம்?" என்றார். டேமில் எத்தனை தண்ணீர் என்று கேட்டார். பாதிக்குக் கீழே என்றேன். "பொய் சொல்லாம சொல்றியே" என்றார். அன்று பேசியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. (ஸ்டெல்லா இன்றும் சண்டையின்போது, "உடுமலைக்காரருக்கு மட்டும் வாய் தொறக்கும், ஊட்டுக்குள்ள வந்தா பூட்டிக்கும்" என்பாள்.)

அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சரோஜா அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார். இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும், ஐயா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"அம்மணி, ஓட்டை இருக்கற சாமானத்துக்கெல்லாம் வெய்க்காத. மிச்சச் சந்தனத்த ஆரோக்கியத்துக்கு நெத்தியில வெச்சுடு. அங்க அடைக்கறக்கு ஒண்ணுமில்ல."

நான் நெற்றியைக் காட்டி நிற்பேன். முதலாளி சிரிப்பார், ஸ்டெல்லா சிரிப்பாள், என் மகள் வருடத்துக்கு வருடம் சத்தமாகச் சிரிக்கிறாள். நேற்றும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாததால், கிரைண்டர் இருக்கும் பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்.

எழுதியது: 2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை, விஜயதசமி.