மாமனார் மென்ற வெற்றிலை

மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும்: தாங்களும் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொள்வது. அரியலூரில் கடை வைத்திருந்த எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

2007-இல் தா.பழூர்ப் பக்கம் விவசாயம் பார்த்துவந்த என் மாமனாருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை என்றால் ஆபரேஷன். பரவியிருந்தால் அது கிடையாது. அதைப் பார்க்கத்தான் சென்னையில் பெட் ஸ்கேன். சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பில் எங்கே வேலை அதிகம் நடக்கிறதோ, அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். (இதை பஸ்ஸில் விளக்கு விளக்கென்று விளக்கினேன். விழுப்புரம் வரை கேட்டவர், அப்புறம் தூங்கிவிட்டார்.)

"எதுவும் சாப்பிடக் கூடாது. ஊசி போட்டப்புறம் பேசாம, அசையாம படுத்திருக்கணும்" என்றார் நர்ஸ்.

மாமா என் காதருகே வந்தார். "மாப்ள, வாயெல்லாம் நமநமங்குது. ஒரு வெத்தல குடுங்களேன்."

சாப்பாடுதானே கூடாது? வெற்றிலை சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவதாயிற்றே! இந்த அரிய கண்டுபிடிப்போடு ஒரு பொட்டலத்தை அவர் கையில் திணித்தேன். மனிதர் ஊசி போட்ட கையோடு வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தவர், ஸ்கேனுக்குக் கூப்பிடும்வரை நிறுத்தவில்லை.

படத்தில் இரண்டு தாடையும் ஜொலித்தன. "தாடைப் பக்கம் ஏதோ தெரியுது. பெரிய டாக்டர் பாக்கணும், அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அந்த 'ஏதோ'வை வீட்டுக்கு வந்து 'பரவிடுச்சு' என்று சொன்னவன் நான்தான். என் மனைவி சுருண்டு படுத்துவிட்டாள். மறுநாள் மாமா தன் இரண்டு காளைகளையும் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்தார்.

"எனக்கப்புறம் அதுங்கள யாரு பாப்பா?" என்றார்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார். மாமாவின் சிவந்த பற்களைப் பார்த்தார். "ஊசி போட்டப்புறம் எதையாவது மென்னீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மென்ற தசைதான் மருந்தை இழுத்திருந்ததாம். இந்த ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய முடியாதென்று எலும்புக்கும் தனியாக ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் பரவவில்லை. ஆபரேஷன் ஆகி, மாமா பிழைத்துக்கொண்டார்.

காளைகளைத் தேடிச் சந்தை சந்தையாக அலைந்தேன். வாங்கியவர் அதற்குள் யாருக்கோ கைமாற்றியிருந்தார். மாமா உழுதுகொண்டிருந்த மாடுகள் என் அறிவால் போயின. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

இப்போதும் வீட்டு விசேஷத்தில் தாம்பூலத் தட்டு வந்ததும் மாமா ஆரம்பிப்பார்: "மாப்ள, அந்த மிஷின்ல ஒளிஞ்சிருக்கறதெல்லாம் தெரியும்னீங்களே. எம் மாடு ரெண்டும் எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

வீடே சிரிக்கும். அவர் மட்டும் என் பதிலுக்குக் காத்திருப்பார்.