உரசல் அண்ணையும் அத்தானின் காரும்

ஸ்காபரோவில் பேயை நம்பாத தமிழர் ஒருவரைக் காட்டு என்றால் நான் உரசல் அண்ணையைத்தான் காட்டுவேன். அவரைப் பேயோட்டி என்று நம்பாத தமிழர் ஒருவரைக் காட்டு என்றால் கையை விரிப்பேன்.

பிழை அவருடையதுதான். வோபர்னில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் கராஜ் வைத்திருந்தார். பழைய கார்களுக்கு அகலச் சில்லுப் பூட்டிக்கொண்டு இளந்தாரிகள் வருவார்கள். ரயர் மட்காட்டில் உரசிக் கத்தும். எங்கே உரசுகிறது என்று பார்க்க மற்ற மெக்கானிக்மார் சோக்கட்டி பூசுவார்கள். இந்த மனிதர் கோயில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மட்காட்டின் உள்விளிம்பில் மூன்று விரலால் இழுத்துவிடுவார். ஓட்டிவந்து பார்த்தால் ரயர் பட்ட இடம் அழிந்திருக்கும்.

"சோக்கு பெயின்ற்றைக் கீறும் தம்பி. மனிசி வெள்ளிக்கு வெள்ளி திருநீறு கொண்டுவந்து குவிக்கிறா. நெத்தியில எவ்வளவைத்தான் பூசுறது?"

அதோடு விட்டாரா? டிக்கிக்குள் ஏறிப் படுத்து, மூடச் சொல்லி, காரை ஓட்டச் சொல்வார். அப்போதுதான் சத்தம் வரும் இடம் காதுக்குப் பிடிபடுமாம். ஒருமுறை முருங்கைக்காயோடு வந்த அன்ரி ஒருவர், நின்ற காரின் மூடிய டிக்கிக்குள்ளிருந்து "ஓம், இஞ்சதான் இருக்கு, என்னை வெளியில விடுங்கோ" என்று குரல் வர, முருங்கைக்காயை எறிந்துவிட்டு ஓடினார். பிறகு ஊர் வேறு எதைத்தான் நம்பும்?

நானும் பேய் என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அது அத்தானின் கார். அறுபதுகளில் செய்த கறுத்த அமெரிக்க மசில் கார். ஞாயிறு தவறாமல் அதற்குக் கீழேதான் கிடப்பார். அக்கா அதைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்லுவா. அகலமான புதுச் சில்லுப் பூட்டிய கையோடு அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கார் வீட்டுக் கராஜில் கிடந்தது. மகள் அபிக்குக் கலியாணம் பேசியபோது, அப்பாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வெள்ளோட்டமாகக் கோயிலுக்குப் போனோம். நான் ஓட்ட, பின்சீற்றில் எனக்கு நேர்பின்னால் மாப்பிள்ளை சீலன், நடுவில் அக்கா, அந்தப் பக்கம் அபி. சீலன் ஆறடி, தங்கமான பிள்ளை. அத்தான் அவனைக் கண்ணால் கண்டதில்லை. வலப்பக்கம் திரும்பினேன். காருக்குள் யாரோ முனகினார்கள்.

"ம்... ம்ம்ம்..."

ஆழத்திலிருந்து, மூச்சு இழுத்து இழுத்து. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தா.

"தம்பி, இது இவர். ஆஸ்பத்திரியில கடைசி இரவு முழுக்க இப்பிடித்தான் முனகினவர்."

சீலனை இறக்கினோம். சத்தம் நின்றது. ஏற்றினோம், முனகியது. அவன் இடத்தில் நானே இருந்து அபியை ஓட்டச் சொன்னேன். நான் அவனைவிடப் பாரம், என் வயிறு சாட்சி. மூச்சுக்கூட இல்லை. அக்கா முடிவாகச் சொல்லிவிட்டா: "அவருக்கு இந்தச் சம்பந்தம் விருப்பமில்லை. நிப்பாட்டுவம்."

"அம்மா, திஸ் இஸ் இன்சேன்!" என்று அபி கத்தினாள். பிறகு அழுதாள். பொன்னுருக்குக்குப் பத்து நாள்தான் இருந்தது. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் பின்வாங்க முடியாது என்பது அக்காவின் பயம்.

உரசல் அண்ணையிடம் போன அன்று ஏரிப்பக்கமிருந்து வந்த பனிப்புகாரில் பிளாசாவே மறைந்து கிடந்தது. கதையை முழுக்கக் கேட்டார். திருநீற்றைக் குழைத்து மட்காட்டுக்குள் இழுத்துவிட்டார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டா.

"தங்கச்சி, கும்பிடாதேங்கோ. இது வேலைச் சாமான்."

தும்புத்தடி மாதிரி மெலிந்த மனிதர், டிக்கிக்குள் மடிந்து படுத்தார். மூடினேன். மற்றவர்கள் முன்போலவே ஏறினார்கள். பிளாசாவைச் சுற்றி வலப்பக்கம் திருப்பினேன். முனகல் எழுந்தது. அதற்கு மேலால், சீற்றுக்குப் பின்னாலிருந்து குழிக்குள் இருந்து வருவது போல ஒரு குரல்:

"தம்பி சீலன்... ஏன் கதவோட ஒட்டிக்கொண்டு இருக்கிறீர்?"

சீலன் வெலவெலத்துப் போனான். "அன்ரியில முட்டாமல்... மரியாதைக்கு..."

"மாமிக்குக் கிட்டப் போய் வடிவா இரும்."

அவன் கூச்சத்தோடு நகர்ந்தான். தோள் அக்காவின் தோளில் பட்டது. முனகல் நின்றது.

விசயம் அவ்வளவுதான். மாமிக்கு மரியாதை கொடுத்து அவன் கதவோடு ஒதுங்க, பாரமெல்லாம் இடது சில்லுக்கு மேல் போயிருக்கிறது. நான் சீற்றின் நடுவரைக்கும் பரந்து இருக்கிற ஆள், அதுதான் நான் இருந்தபோது சத்தமில்லை. இடது சில்லில் சத்தம் கேட்டதை வைத்துப் பிடித்ததாக அண்ணை விளங்கப்படுத்தினார். அக்கா கேட்டால்தானே! "அது உங்கட கணக்கு அண்ணை. எனக்கு அவற்ர குரல் தெரியும்."

அண்ணை சில்லைக் கழற்றி, ரோச் அடித்துப் பார்த்தார். திருநீறு ஒரு விரலளவுக்கு அழிந்திருந்தது. "வலப்பக்க விளிம்பை ஆரோ ரயர் படாமல் நல்லா உள்ளுக்கு மடிச்சிருக்கினம். இடப்பக்கம் பாதிதான் மடிச்சிருக்கு. வெள்ளை மாக்கரால என்னவோ எழுதிக் கிடக்கு." கழுத்தை வளைத்து வாசித்தார். "மிச்சம் நாளைக்கு."

அக்கா மட்காட்டுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தா. அத்தானின் கோணல் எழுத்துத்தான். சில்லுப் பூட்டிய அடுத்த நாள் விடியவே அம்புலன்ஸ் வந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அக்கா கண்ணைத் துடைத்தா. "செய்யுங்கோ அண்ணை. செய்த பிறகும் முனகினா, அது அவர்தான். கலியாணம் இல்லை."

அவர்கள் வெளியே போனார்கள். நான் ஜாக்கெற்றை எடுக்கத் திரும்பி வந்தேன். உரசல் அண்ணை காரின் மேல் கையை வைத்தபடி, என்னைக் காணாமல், மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"உம்மட வேலையைத்தான் முடிக்கிறன் ஐசே. குறை நினையாதேயும்."

கொஞ்சநேரம் காத்து நின்றார். பிறகு, ஏதோ பதில் கிடைத்தவர் போலத் தலையை ஆட்டினார். ஜாக்கெற்றை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெயின்ற் வெடிக்காமல் ஹீற் கன்னால் சூடுகாட்டி, இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை மடித்தார். எழுத்திருந்த இடத்தை மட்டும் தொடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏறினோம். அண்ணை எனக்குப் பக்கத்தில். அக்கா சீலனைப் பழையபடி கதவோடு ஒட்டி இருக்கச் சொன்னா. அபி நகத்தைக் கடித்தாள். வலப்பக்கம் திருப்பினேன். இன்னொருமுறை, இன்னும் இறுக்கமாக. எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காரை நிறுத்தினேன். சந்தோசப்படுவா என்று பார்த்தால், அக்கா விம்மி விம்மி அழுதா.

"இனி அவற்ர சத்தமே கேட்காது, என்ன?"

அபி தாயின் கையைப் பிடித்தாள். உரசல் அண்ணை திரும்பி, கிறீஸ் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, மனிசன் பாதியில விட்ட வேலை முடிஞ்சுது. இனி அவருக்கு முனக என்ன இருக்கு? பிள்ளைக்குப் பொன்னுருக்குங்கோ. அவருக்குச் சம்மதம்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தா. பிறகு சீலனிடம் திரும்பி, "தம்பி, கிட்ட வந்து இரும்" என்றா.

இரும்பைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனிதர், என் அக்காவின் மனம் ஆற, செத்துப்போன அத்தானுக்கும் சேர்த்து அன்று பேசினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.