ஈ.டி. பிளாக்கில் என் பதினெட்டாயிரம்

பணம் இல்லாதவனுக்குத்தான் கவலை என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்போதெல்லாம் தலை சாய்த்த இடத்தில் தூங்கிவிடுவேன். திருப்பூரில் பனியன் மூட்டைமேல் தூங்கியிருக்கிறேன். பாலக்காட்டில் பரோட்டா மேசைக்கு அடியில், ஓசூரில் கதவு வைக்காத கட்டடத்தில், எங்கே படுத்தாலும் தூக்கம் வந்தது. எனக்கு முதன்முதலாகத் தூக்கம் கெட்டது, என்னிடம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் மிச்சமானபோதுதான்.

இது நடந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மந்தாரக்குப்பத்தில் ஐந்து பேராக ஓர் அறை. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன் (பள்ளிக்கூடமும் என்னைத் தடுக்கவில்லை). ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். அது போதும் என்று நினைத்திருந்தேன். எல்லா வினையும் அந்த நினைப்பால் வந்தது.

கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கேட் பாஸ் புதிதாகப் போடவேண்டும். அதற்கு ஜெராக்ஸ் எடுக்கப் போன கடையில்தான் சுமதி வேலை பார்த்தாள். முதல்நாளே, "அட்ரஸ் புரூஃப் எங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அட்ரஸே இல்லாத ஆளா நீங்க?" என்று சிரித்தாள். அதன்பிறகு தேவை இல்லாததையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தேன். என் ஒரே போட்டோவை எத்தனை முறை எடுத்தேன் என்பதை அவள் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

விஷயம் அவள் அப்பாவிடம் போனது. பக்கத்தில் இருக்கும் வடக்குத்து என்ற ஊர்க்காரர், பெயர் கலியபெருமாள். அவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்தான், என் வயதளவுக்கு அனுபவம். என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, ஒரு முழு தம்ளர் காபி ஆறும்வரை பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வேல பர்மனன்ட்டா தம்பி?"

"கான்ட்ராக்ட்டுங்க."

"ஊரு?"

நான் இருந்த ஊர்களையெல்லாம் சொன்னேன். அனுபவஸ்தன் என்று மதிப்பார் என நினைத்தேன். அவர் முகம் ஒவ்வோர் ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டது.

"வேலயும் பர்மனன்ட் இல்ல, ஊரும் பர்மனன்ட் இல்ல. பணமாவது பர்மனன்ட்டா இருக்கணும்ல" என்றார். மாதம் மூவாயிரம், ஒரு வருஷம் சேர்த்துக் காட்டு, பிறகு பேசலாம் என்பது அவர் நிபந்தனை. என் கைக்கு வருவதே எட்டாயிரம் சொச்சம், அதில் அம்மாவுக்கு அனுப்பவேண்டும். நான் ஆயிரம் என்றேன். அவர் இரண்டரை என்றார். கருவாட்டுக் கடை பேரம்போல ஏறி இறங்கியது. கடைசியில் உள்ளே இருந்து சுமதியின் குரல் மட்டும் வந்தது: "ஆயிரத்தஞ்சூறு. ஆனா ஒரு மாசம்கூட தப்பக்கூடாது." தீர்ந்தது.

எவ்வளவு என்பது முடிந்துவிட்டது. எங்கே வைப்பது என்பது முடியவில்லை. அறையில் வைக்கமுடியாது. பாலக்காட்டில் என் பையோடு ஒருவன் பஸ் ஏறியதை மறக்கவில்லை. முதல் மாதப் பணத்தை ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பட்டைக்கு அடியில் செருகி வைத்தேன். தலைக்கு மேலேயே இருக்கிறது, எவன் எடுப்பான்? சுரங்கத்து வெயிலில் வியர்வையில் ஊறி, சூப்பர்வைசருக்கு வணக்கம் சொல்ல ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் வணக்கத்தைவிட்டு நோட்டையே பார்த்தார். மறுநாளே பேங்க்கில் கணக்கு தொடங்கினேன் (அட்ரஸ் புரூஃபுக்கு வீட்டுக்காரர் காலைப் பிடித்த கதை தனி).

ஏ.டி.எம். கார்டு தந்தார்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று அழுத்திச் சொன்னார்கள். மறக்காமல் இருக்க என் கேட் பாஸின் நாலு இலக்க எண்ணையே வைத்தேன். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உலகத்தில் இல்லை என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மாதாமாதம் போட்டேன். டீயைக் குறைத்தேன், பீடியை விட்டேன், செருப்பைத் தைத்துப் போட்டேன். இதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லை. பேங்க் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் அந்த வழியாகச் சுற்றி வருவேன். பேங்க் அங்கேயே இருக்கும். மறுநாளும் போய்ப் பார்ப்பேன்.

வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் அறைக்கே வந்துவிட்டார். பாஸ்புக்கை நீட்டினேன். அவர் தொடக்கூட இல்லை.

"காயிதத்துல எது வேணாலும் எழுதலாம். நோட்டா காட்டு. பாத்துட்டு நீயே திரும்பப் போட்டுக்க."

அவரைக் கேரியரில் உட்காரவைத்து, டவுன்ஷிப் ஏ.டி.எம்.முக்கு மிதித்தேன். இயந்திரத்தின் முன்னால் அவர் கைகட்டி நின்றார், கோயிலில் நிற்பதுபோல. எண்ணை அழுத்தினேன். தப்பு என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தப்பு. என் முதுகில் அவர் மூச்சு பட்டது. மூன்றாவது முறை கழுத்தில் தொங்கிய கேட் பாஸைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினேன்.

(இரண்டு மாதம் முன்பு கான்ட்ராக்டர் மாறியிருந்தார். கேட் பாஸ் புதிது, எண்ணும் புதிது. கார்டுக்குப் பழைய எண்தான் தெரியும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வேகமாகப் போய்விட்டது. ஆனால் அதில் ஒரு சொல்லை நான் விடமாட்டேன். டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு பலகையில் எழுதியிருக்கும் சொல். BLOCK. அதை ஒட்டி இன்னும் இரண்டு எழுத்து. ED.

"என்னா சொல்லுது?" என்றார்.

"பணம் இங்க இல்லைங்க. ஈ.டி. பிளாக்குல இருக்குதாம்."

இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று நான் இன்றும் வாதாடுகிறேன். இங்கே மனிதர், பள்ளி, ஆஸ்பத்திரி, எதைக் கேட்டாலும் எந்த பிளாக் என்றுதான் சொல்வார்கள். பணம் மட்டும் பிளாக் இல்லாமல் எங்கே இருக்கும்?

"அங்க எதுக்குப் போச்சு?"

"தொகை பெரிசாயிட்டா பாதுகாப்பான எடத்துக்கு மாத்திடுவாங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. அவரும் தலையாட்டினார். ஒரு வருஷச் சேமிப்பைவிட, தலையாட்டியபடியே இவர் முகத்தில் விழுந்த சந்தேகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தோம். ஈ.டி. பிளாக் என்று ஒன்று இல்லை, ஈ.டி. வீடு இருக்கிறது என்று ஒருவர் வழி சொன்னார். ஈ.டி. என்றால் எக்ஸிகியூட்டிவ் டைரக்டர், கம்பெனியில் மிகப் பெரிய அதிகாரி. எனக்கு நிம்மதியாக இருந்தது. பணம் நல்ல இடத்தில்தான் இருக்கிறது.

பெரிய மரங்கள், பெரிய கேட். செக்யூரிட்டி என்ன விஷயம் என்று கேட்டார். நான் தெளிவாகச் சொன்னேன்:

"எங்க பணம் உள்ள இருக்குதுங்க. வாங்கிகினு போலாம்னு வந்தோம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கேட் பாஸைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பர்மனன்ட் வேலைக்கா குடுத்தீங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. கலியபெருமாள்தான் முந்திக்கொண்டு, "ஆமாங்க, பணம் பர்மனன்ட்டா இருக்கணும்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

"எவ்ளோ?"

"பதினெட்டாயிரம்."

"பதினெட்டாயிரத்துக்குப் பர்மனன்ட்டா?" செக்யூரிட்டிக்குச் சந்தேகம் போய் ஆத்திரம் வந்தது. "எவன்யா உங்கள ஏமாத்துனது? அய்யா பேர யார் சொன்னா?"

சத்தம் கேட்டு, தோட்டத்தில் ரப்பர் குழாயோடு நின்றிருந்த அதிகாரியே வந்துவிட்டார். லுங்கி, பனியன். செக்யூரிட்டி அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் கையிலிருந்த குழாய் தன்போக்கில் திரும்பி அவர் காலையே நனைத்தது.

"நான் யார்கிட்டயும் ஒரு ரூபாகூட வாங்குனதில்லப்பா" என்றார். அந்த இடத்தில் என்னைவிடப் பயந்தவர் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். "யார்கிட்ட குடுத்தே, சொல்லு."

"மிஷின்கிட்டங்க" என்றேன்.

அதிகாரி குழாயை மறு கைக்கு மாற்றினார். அவர் கார்டை வாங்கிப் பார்த்து, திரையில் என்ன வந்தது, எத்தனை முறை எண் போட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் BLOCK என்றேன், ED என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் விட்டார். தோள் மட்டும் குலுங்கியது. செக்யூரிட்டிக்கு அந்த நாகரிகம் இல்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு மைன்ஸுக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. பெண் போச்சு, மானம் போச்சு, இனி எந்த ஊர் பஸ் என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ராத்திரி ஓசூர் வண்டி ஒன்று உண்டு.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். பணம் பத்திரமாக பேங்க்கிலேயே இருக்கிறது, கார்டை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கலியபெருமாள் முன்னால் வந்தார். "அப்ப அந்தக் கார்டு வச்சி யாராலயும் எடுக்க முடியாதா சார்?"

"முடியாது."

"இவராலயும்?"

"இவராலயும் முடியாது. பாஸ்புக்கோட நேர்ல போனாத்தான் உண்டு."

அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷமாக நான் பார்த்திராத நிம்மதி அந்த முகத்தில். பணத்தை வாரிக்கொண்டு நான் ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்று அந்த மனிதர் ஒரு வருஷமாகத் தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாஸ்புக்க இங்க குடு" என்றார். குடுத்தேன். நாலாக மடித்து அண்டர்வேர் பாக்கெட்டில் வைத்தார். "இது என் வூட்ல இருக்கட்டும். கார்டு பிளாக்குலயே இருக்கட்டும். வா மாப்ள, வெயிலு ஏறுது."

தம்பி போய் மாப்ள வந்ததை நான் மந்தாரக்குப்பம் திரும்பும்வரை நம்பவில்லை. கேரியரில் அவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், சைக்கிள் ஆடியது.

கல்யாணத்தன்று பாஸ்புக் திரும்பி வந்தது, என் கைக்கு இல்லை, சுமதி கைக்கு. புதுக் கார்டும் அவளிடம்தான். எண் என்ன என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் சேமிப்பு என்று யாரும் சொல்வது கிடையாது. மகள் சைக்கிள் கேட்டால்கூட, "அம்மா, ஈ.டி. பிளாக்ல எவ்ளோ இருக்கு?" என்றுதான் கேட்பாள். மாமனார் பொங்கலுக்கு வரும்போது வாசலிலேயே நின்று, "மாப்ள, ஊர்லதான் இருக்கியா?" என்பார்.

"எங்க மாமா போறது," என்பேன், "பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே."