வெளியுறவுத் துறையும் வெறும் டப்பாவும்

"இனிமே இந்த வீட்டோட வெளியுறவு மொத்தமும் என் கையில!"

டிவி செய்தி பாத்த சூட்டுல மதிவாணன் அறிவிச்சாரு. செய்தியில தலைவரு ஊர் ஊரா போயி கை குலுக்குறாரு. வெளியுறவு அமைச்சரு பின்னால நின்னு சிரிக்கிறாரு. மனுஷனுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் புடிச்சிருச்சு.

பொண்டாட்டி செல்வராணி வெங்காயம் உரிக்கிறத நிறுத்தல. "அப்ப நான்?"

"அமைச்சரு. பின்னால நின்னு சிரி."

"பக்கத்து வீட்டு மாக் சிக்கிட்ட பேசுறது?"

"நான்!"

"எங்கம்மா லாபிஸ்லேர்ந்து லீவுக்கு வர்றது?"

"அதுவும் வெளியுறவுதான். விசா கிடையாது!"

பேச்சப் பாருங்க! எல்லாம் டுரியான் பழம் படுத்துற பாடு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக் சிக் ரொஹானியோட மரம் காய்ச்சா சிம்பாங் ரெங்கம் ஊரே மணக்கும். பொண்டாட்டி போனா ஒரு பை வருது, தலைவரே போனா ஒரு லோரி வரும்னு நெனப்பு. மூளைய ஓசியில குடுத்தாலும் இந்த ஆளு வாங்க மாட்டாரு.

"சரிங்க தலைவரே." செல்வராணி ஒரு டப்பாவ நீட்டுனாங்க. "மாக் சிக் குயே பலகாரம் போட்டுக் குடுத்தது. திருப்பிக் குடுத்துருங்க."

பளபளன்னு கழுவுனாரு. சட்டைய இன் பண்ணுனாரு. கேட்டுல நின்னு மலாய்ல ஒரு சொற்பொழிவே ஆத்திட்டு டப்பாவ நீட்டுனாரு. மாக் சிக் மூடியத் தொறந்தாங்க. உள்ள ஒரு முறுக்குத் துண்டுகூட இல்ல! வந்த டப்பா வெறுமனே திரும்பக் கூடாதுன்னு அந்தத் தெருப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"தெரிமா காசே லா." வெறும் நன்றியோட கேட்டு சாத்திக்கிச்சு.

டுரியான் விழ ஆரம்பிச்சது. எதிர்வீட்டு ஆ செங்குக்குப் போச்சு. மூலைவீட்டு லியோனார்டுக்குப் போச்சு. மதிவாணன் வீட்டுக்கு வாசனை மட்டும் வந்துச்சு.

"அலமாக்! நீ போயி கேளேன்."

"நானா? நான் சிரிக்கத்தான்." பல்லக் காட்டுனாங்க.

சீசன் முடியற நேரம். மனுஷன் தாங்கல. "தாயே, துறைய நீயே வச்சுக்க!"

"எங்கம்மா விசா?"

அந்நேரம் பாத்து பக்கத்து வீட்டுல ஒரு பழம் தொப்புன்னு விழுந்துச்சு.

"...குடுத்தாச்சு லா!"

செல்வராணி டப்பா நெறைய முறுக்கோட பின்வாசல் வழியா போனாங்க. ரெண்டு பழத்தோட வந்தாங்க. மதிவாணன் ஓடிப்போயி மோந்தாரு. பழத்தவிட பொண்டாட்டி வாயிலதான் வாசனை தூக்கலா இருந்துச்சு.

"அதுக்குள்ள தின்னுட்டியா?"

"தெனமும்தான் தின்னேன், மாக் சிக் அடுப்படியில. முன்கேட்டுதானே உங்க கையில இருந்துச்சு?"

"சரி சரி, ஒண்ணாவது வெட்டு!"

"கைய எடுங்க. ரெண்டும் எங்கம்மாவுக்கு. காலையிலயே பஸ் ஏறிட்டாங்க."