தலைகீழாக மூன்று முறை

மனித குலம் படைத்த பொருட்களுள் தள்ளுக்கத்திக்கு நிகரான பண்பாளன் கிடையாது. வேலை இருந்தால் வெளியே வரும். வேலை முடிந்தால் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விடும். இந்தக் குணம் மேலதிகாரிகளுக்கும் வாய்த்திருந்தால் அலுவலகங்கள் என்றைக்கோ உருப்பட்டிருக்கும்.

பெட்டி கட்டி அனுப்பும் அந்த நிறுவனத்தின் பண்டகக் காப்பாளர் இந்தக் கருத்தில் அசைக்க முடியாதவராக இருந்தார். கட்டைவிரலால் தள்ளினால் அலகு வெளியே, இழுத்தால் உள்ளே. ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. அப்படிப்பட்ட இருநூறு கத்திகள் வந்து இறங்கியபோது, அவற்றைச் சோதிக்கும் மகத்தான பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விதி எளியது: அலகை உள்ளே இழுத்துவிட்டு, கத்தியைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதற வேண்டும். அலகு எட்டிப் பார்த்தால் அந்தக் கத்தி தள்ளுபடி.

இருநூறு கத்திக்கு அறுநூறு உதறல். காப்பாளருக்கோ தோள்பட்டை வலி. எனவே அவர் ஓர் 'அறிவியல் முறை'யைக் கையாண்டார். மேலாக இருந்த ஒரே ஒரு கத்தியை எடுத்துக் காதருகே வைத்துத் தள்ளினார். டிக் என்றது. இழுத்தார். மறுபடியும் டிக். இவ்வளவு நேர்மையான சத்தம் தருகிற பொருள் துரோகம் செய்யாது என்று தீர்மானித்து, அதைக் கொண்டு ஓர் ஆப்பிளைத் தோல் சீவித் தின்றுவிட்டு, 'இருநூறும் சோதிக்கப்பட்டன. முழுத் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அது ஓர் அழகு. கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம்வரை உலாவப் போய், அங்கிருந்து ஒரு முறை திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவது வாரம் அக்காவின் கை கிழிந்தது. அக்கா, பெட்டி கட்டும் மேசையில் பதினைந்து வருடமாக நிற்பவர். காப்பாளரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்த நிறுவனத்தில் மேலாளரைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்காதான். அலகை மூடி, ஏப்ரன் பையில் போட்டிருந்த கத்தியை எடுக்கக் கையை விட்டார். மூடிய கத்தி தானாகத் திறந்துகொண்டு காத்திருந்தது. உள்ளங்கையில் ஏழு தையல்.

நிர்வாகம் துடிதுடித்து, மறுநாளே விசாரணைக் குழு அமைத்தது. அக்காவின் அலட்சியம் என்று முடிவானால் அவர் வேலை போய்விடும். குழுவில் மூவர்: மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, 'கத்தி வல்லுநர்' என்ற தகுதியில் நம் காப்பாளர்.

விசாரணை நாள் காலையில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் காப்பாளர் உண்மையைக் கக்கினார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வீட்டுக்கு ஒரு டார்ச் வாங்கினா, கடைக்காரர் கும்பிடு போடுற வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பாப்பீங்க. அதுல கால்வாசி பாத்திருந்தா அந்தப் பொண்ணு கை தப்பிச்சிருக்கும்."

காப்பாளர் இதற்கு வலுவான மறுப்பு ஒன்றைத் தேடினார். கிடைக்காததால் சட்டையைப் போட்டுக்கொண்டார். பையில் அந்த இருநூறில் ஒரு கத்தியையும் போட்டுக்கொண்டார்.

கூட்ட அறைக்குள் கூர்மையான பொருட்களுக்கு அனுமதி கிடையாது. பாதுகாப்பு அதிகாரியே போட்ட விதி. ஆகவே கத்திக்குப் பதில், அமுக்கினால் முனை வெளியே வரும் பேனா ஒன்றை வைத்துச் சம்பவம் மறுபடி நிகழ்த்தப்பட்டது. அதிகாரி பேனாவைப் பைக்குள் போட்டார், எடுத்தார். மூன்று முறை. 'மூன்று முறையும் காயம் ஏற்படவில்லை' என்று பதிவாயிற்று.

கட்டுப் போட்ட கையோடு மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, "சார், அது பேனா" என்றார்.

"தத்துவம் ஒண்ணுதாம்மா" என்றார் மேலாளர்.

காப்பாளரின் தொண்டையிலிருந்து ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. அக்காவின் கைக்கட்டைப் பார்த்தார். எழுந்து நின்று, விதிகளுக்கு முற்றிலும் புறம்பாகக் கத்தியை எடுத்தார்.

"நான் இருநூறையும் சோதிக்கல. ஒண்ணுதான். அதுவும் ஆப்பிள் சீவி. தப்பு கத்தி மேல, என் மேல. இதோ பாருங்க."

தலைகீழாகப் பிடித்து உதறினார். அலகு வரவில்லை. மூன்று முறை, பத்து முறை, தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு உதறினார். கத்தி நிர்வாகத்தின் பக்கம் உறுதியாக நின்றது.

"உங்க கையெழுத்தை நீங்களே சந்தேகப்படாதீங்க" என்று மேலாளர் பரிவோடு சொன்னார். காப்பாளர் தலைகுனிந்து, கத்தியை மூடிக் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

உடனே எழுந்தார். இருபத்திரண்டு வருடப் பணியில் அவர் இவ்வளவு விரைவாக உயர்ந்ததே இல்லை.

இரண்டு தையல் போட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது அறிக்கை தயாராக இருந்தது. கத்திகள் எல்லாம் திரும்பப் பெறப்படுகின்றன, அக்காவுக்கு வேலை உண்டு என்று பாதுகாப்பு அதிகாரி வாயாலேயே சொல்லிவிட்டார். காப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வால் வழக்கத்தைவிட நீளமாக உலாவியது. அக்காவும் ஒப்பமிட வேண்டும் என்பதால், தானே தாளை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் பெட்டி மேசைக்குப் போனார்.

அக்கா தாளை இடது கையால் வாங்கினார். தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறினார்.

"என்னம்மா பண்ற?"

"உள்ள இருந்து ஏதாச்சும் வெளிய வருதான்னு பாக்குறேன் சார்."

பிறகு நேராகப் பிடித்து, உதடசைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. அலகு எட்டிப் பார்த்தது.

"'பணியாளரின் காயத்துக்கு அவரது அலட்சியமே காரணம். மறுமுறை நேர்ந்தால் பணிநீக்கம்.' அடுத்த பத்தி உங்களுக்கு சார். 'காப்பாளரின் காயத்துக்கு அவர் உட்கார்ந்த முறையே காரணம்.'" அக்கா நிமிர்ந்தார். "இதைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

காப்பாளர் பெட்டிகளில் முகவரி எழுதும் தடித்த பேனாவை எடுத்து, இரண்டு பத்திகளின் மேலும் கோடு கிழித்து, 'கத்திகள் சோதிக்கப்படவில்லை. சோதித்ததாக எழுதியவன் நான்' என்று எழுதினார். எழுதியதை மூன்று முறை படித்த பிறகே கீழே கையெழுத்துப் போட்டார். வால் இல்லாமல்.

அந்த இருநூறு கத்திகளையும் குறை சொல்வது பாவம். அவை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தில், ஒருவரும் உதறிப் பார்க்காமல், தினமும் நூறு முறை வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது காப்பாளரின் கையெழுத்து.